தட்டையான ஒரு பக்கம்

காலையில் லேபில் கிருமி வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்து பிளேட்டுகளை வெளியே எடுக்கும் நேரம்தான் என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது. முந்தின நாள் பஞ்சுக்குச்சியால் பிளேட்டின் ஜெல்லி மாதிரியான ஏகார் முழுக்கத் தடவிவிட்ட பாக்டீரியா 16, 18 மணி நேரத்தில் படலமாகப் படர்ந்திருக்கும். மருந்து தோய்ந்த சின்னக் காகித வில்லையான டிஸ்க்கைச் சுற்றி மட்டும் வளர்ச்சியே இல்லாத வெறும் வட்டம். பிளேட்டைக் கவிழ்த்து, கறுப்புத் துணிமேல் பிடித்து, ஸ்கேலால் அளக்க வேண்டும்.

சேர்ந்த புதிதில் அளந்தால் போதும் என்றே நினைத்திருந்தேன். ஒரு நாள் சீழ் கல்ச்சரில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தது. எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு வட்டமே இல்லை. இன்னொரு ஆன்டிபயாட்டிக்கான கிளிண்டாமைசினுக்கு 24 மி.மீ. 21 இருந்தாலே சென்சிட்டிவ், அதாவது மருந்து வேலை செய்யும். அப்படியே எழுதிவிட்டேன். கையெழுத்துப் போட வந்த மேடம் பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"ரெண்டு டிஸ்க்கையும் ஏன் இவ்வளவு தள்ளி வச்சீங்க? பக்கத்துல வச்சு இன்னொரு தடவை போடுங்க. அதுவரைக்கும் கிளிண்டாமைசினை ரிப்போர்ட்டில் எழுத வேண்டாம்."

போட்டேன். ஓரத்துக்கு ஓரம் 20 மி.மீ. இடைவெளி. மறுநாள் கிளிண்டாமைசின் வட்டம் வட்டமாக இல்லை. எரித்ரோமைசினைப் பார்த்த பக்கம் மட்டும் கத்தியால் சீவியதுபோலத் தட்டையாக, ஆங்கில 'டி' (D) எழுத்து மாதிரி இருந்தது. அதனால்தான் இதற்கு டி டெஸ்ட் என்று பெயர்.

இந்தக் கிருமியிடம் எர்ம் என்ற ஜீன் தூங்கிக்கொண்டிருக்கிறது. எரித்ரோமைசின் பட்டதும் அது விழித்து, ஒரு என்சைமைச் செய்கிறது. அந்த என்சைம், கிருமி புரதம் செய்யும் ரைபோசோமில் மருந்து ஒட்டும் இடத்தையே மாற்றிவிடுகிறது. இரண்டு மருந்துக்கும் இடம் அதுவே என்பதால் இரண்டுமே தோற்கின்றன. கிளிண்டாமைசின் தனியாக இருந்தால் ஜீனை அவ்வளவாக எழுப்புவதில்லை, அதனால் வட்டம் அழகாகத் தெரிகிறது. ஆனால் நோயாளியின் உடம்பில் கோடிக்கணக்கான கிருமிகள். அந்த ஜீன் எப்போதும் விழித்தே இருக்கும்படி மாறிப்போன சில அவற்றில் இருந்தால், மருந்து கொடுக்கக் கொடுக்க அவைதான் பெருகும்.

அந்த மாதிரியோடு வந்த படிவத்தை அப்புறம்தான் எடுத்துப் படித்தேன். 'பென்சிலின் அலர்ஜி' என்று எழுதியிருந்தது. அப்படிப்பட்டவருக்கு டாக்டர் முதலில் யோசிக்கக்கூடிய மருந்துகளில் கிளிண்டாமைசினும் ஒன்று. கை சில்லிட்டுப்போனது.

கிளிண்டாமைசினுக்கு 'ரெசிஸ்டன்ட்', அதாவது மருந்து வேலை செய்யாது என்று எழுதி, டி டெஸ்ட் பாசிட்டிவ் என்ற குறிப்பையும் சேர்த்து மேடமிடம் கொண்டுபோனேன். இப்போது ஸ்டாஃபிலோகாக்கஸ் பிளேட் என்றால் இந்த இரண்டு டிஸ்க்குகளைத்தான் முதலில் வைக்கிறேன், அடுத்தடுத்து.