கதவுக்கு அடியில பேப்பர்

ஜூலை 26, 2004, திங்கள்
இன்டர்வியூ போன் வரல.

ஜூலை 28, புதன்
பாஸ்டன்ல டெமாக்ரட் கட்சி மாநாடு நடக்குது, அதப்பத்தி எழுத யூஎஸ்ஏ டுடே பேப்பர் கூப்பிட்டது யாரைன்னா ஆன் கூல்ட்டர, அந்தக் கட்சிப் பேரைச் சொன்னாலே சீறுற அம்மா. கல்யாண வீட்டுக்கு ஆகாத பங்காளிய கூப்பிட்டு சாப்பாடு எப்படின்னு கேட்ட கதைதான். கேட்டாங்க, சொல்லிட்டாங்க, ஆனா முதல் கட்டுரையே அச்சுக்குப் போகல. எடிட்டிங் தகராறாம். கூல்ட்டர் அதை அப்படியே நெட்ல போட்டுட்டாங்க, பேப்பர்ல வந்திருந்தா படிச்சிருக்கறதவிட இப்ப ஜாஸ்தி பேர் படிச்சிருப்பாங்கன்னு தோணுது. அவங்க இடத்துக்கு ஜோனா கோல்ட்பர்க். அவரும் அதே பக்கம்தான், ஆனா சிரிச்சுக்கிட்டே குத்துவார்.

என்ன எழுதுவாங்கன்னு தெரிஞ்சுதானே கூப்பிட்டீங்க? அப்புறம் எதுக்கு பேனாவ எடுக்கறீங்க? என் ரெஸ்யூமையும் அப்படித்தான் என் கம்பெனியில வெட்டி ஒட்டி அனுப்பினாங்க, நான் தொடாத ஆரக்கிள் டேட்டாபேஸ் வேலையெல்லாம் அதுல இருக்கு, இன்டர்வியூல கேட்டா என்ன சொல்றது.

ஜூலை 29, வியாழன்
டெமாக்ரட் ஜனாதிபதி வேட்பாளர் கெர்ரி மேடையேறி சல்யூட் அடிச்சார். நான் மேகி சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 14, சனி
சனி ஞாயிறு பேப்பர் கிடையாது. ரூம் ரொம்ப அமைதியா இருக்கு.

ஆகஸ்ட் 30, திங்கள், ராத்திரி
இப்ப எதிர்ப்பக்கத்து முறை. நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன், ரிபப்ளிகன் மாநாடு, அதே பேப்பருக்கு எழுத வந்திருக்கிறது, ஜனாதிபதி புஷ்ஷ திட்டிப் படம் எடுத்த மைக்கேல் மூர். ரிபப்ளிகன் செனட்டர் மெக்கெயின் பேசும்போது பேர் சொல்லாம, நேர்மையில்லாத படக்காரர்னு ஒரு வரி விட்டார் பாருங்க, ஹாலே திரும்பி பத்திரிகைக்காரங்க உக்காந்திருந்த பக்கம் பார்த்து ஊளையிடுது. புஷ்ஷுக்கு "இன்னும் 4 வருஷம்"னு கத்தல். மூர் தொப்பியோட உக்காந்து சிரிக்கிறார். மெக்கெயினுக்கே குஷி, அதே வரிய மறுபடி ஒருவாட்டி சொன்னார். எழுத வந்தவரே அன்னைக்கு செய்தியாயிட்டார். கூல்ட்டருக்கு இந்த அதிர்ஷ்டம் இல்ல, அவங்கள பாஸ்டன் கூட்டம் ஊளையிடறதுக்குள்ள பேப்பரே கதவ சாத்திடுச்சு.

எனக்கு மூர் எழுதறது பிடிக்கும், அதனால இதை நியாயமா சொல்ல முடியாது. ஆனா அங்க இருந்த ஒருத்தராவது அவர் கட்டுரைய படிச்சு மனசு மாறியிருப்பாங்கன்னா நினைக்கறீங்க? ஏற்கனவே ஒத்துக்கறவங்கதான் படிச்சு தலையாட்டுவாங்க. என்னையும் சேர்த்துதான்.

செப்டம்பர் 1, புதன்
காலையில போன். ராங் நம்பர்.

ராத்திரி ஜெல் மில்லர். டெமாக்ரட் செனட்டர், ரிபப்ளிகன் மேடையில நின்னு சொந்தக் கட்சிய கிழிகிழின்னு கிழிச்சார். 1992ல கிளின்டனுக்காக பேசினதும் இதே கட்டடத்துலதான். எதிரிய திட்ட வெளியாள் எதுக்கு, உள்ளாளே கிடைக்கும்போது. கூட்டம் எழுந்து நின்னு கை தட்டுச்சு. மூருக்கு ஊளை, இவருக்கு கைதட்டல், ரெண்டுமே கட்சி மாறின குரல்தானேன்னு நினைச்சேன், அப்புறம் இல்லன்னு தோணுச்சு, மூர் பக்கம் மாறவே இல்லையே, இடம்தான் மாறினார். தூக்கம் வரல. ரெஸ்யூம்ல அந்த ஆரக்கிள் வரிய எடுத்துடலாமா?

செப்டம்பர் 3, வெள்ளி
ரூமுக்கு கம்பெனி காசு கட்டறது இன்னையோட சரியாம். 11 மணிக்குள்ள சாவி கொடுக்கணும். பழைய பேப்பரெல்லாம் ஒரு கட்டு இருக்கு, பெட்டியில இடமில்ல, போன்