ஒட்டினால் மட்டும் போதுமா? நெட் தேர்வில் ஆன்டிபாடி கேள்விகள்

பெங்களூரு மத்திகெரே, யஷ்வந்த்பூர் பக்கம் பிஜியில் தங்கி சிஎஸ்ஐஆர் நெட் லைஃப் சயின்சஸுக்குப் படிக்கிற நம்மூர்ப் பிள்ளைகள் இம்யூனாலஜியில் வழுக்குகிற இடம் இதுதான்: ஆன்டிபாடி (உடல் சுரக்கும் எதிர்ப்புப் புரதம்) வைரஸில் ஒட்டுவதும் வைரஸை முடக்குவதும் ஒன்று என்று எண்ணிவிடுவது. சி பகுதியில் 75 கேள்விகளில் 25 எழுதினால் போதும். சரியென்றால் 4 மார்க், தப்பென்றால் 1 மார்க் கழியும். பாதி புரிந்த கேள்வியைத் தொடாமல் விடுவதே மேல்.

ஜலதோஷம் தரும் ரைனோவைரஸை மாதிரியாக எடுத்துக்கொண்டு முதலில் ஒரு படம் போடுங்கள். சுமார் 30 நானோமீட்டர் உருண்டை, மேலே கொழுப்புச் சவ்வு கிடையாது. வெளிக்கூட்டுப் புரதங்களில் விபி1, விபி2, விபி3 வெளியே, விபி4 உள்ளே, ஒவ்வொன்றிலும் 60. ஐந்து விபி1 கூடும் முனையைச் சுற்றி அகழி மாதிரி ஒரு பள்ளம். அதன் பெயர் கேன்யன். பெரும்பாலான ஏ, பி ரைனோவைரஸ் வகைகள் பிடித்துக்கொள்ளும் ஐகேம்-1 என்ற ரிசப்டர் (வைரஸ் பற்றும் செல் புரதம்) இந்தப் பள்ளத்தில்தான் நுழைகிறது. சில வகைகளுக்கு எல்டிஎல் ரிசப்டர், சி வகைக்கு சிடிஹெச்ஆர்3.

1985இல் விஞ்ஞானி மைக்கேல் ராஸ்மன் குழு இந்த வடிவத்தை வெளியிட்டபோது, பள்ளம் குறுகலானது, ஆன்டிபாடி உள்ளே எட்டாது என்று கருதினார்கள். பிறகு வந்த படங்களில் ஆன்டிபாடியின் நுனி பள்ளத்துக்குள் இறங்குவது தெரிந்தது. ஜெராக்ஸ் நோட்ஸில் பழைய கதை மட்டுமே இருக்கும், திருத்திக்கொள்ளுங்கள்.

முடக்கும் வழி ஒன்றல்ல. ரிசப்டர் பிடிக்கும் இடத்தை மறைக்கலாம். பல வைரஸ்களைக் கோத்துக் கட்டியாக்கலாம். வைரஸின் வெளிக்கூட்டை இறுக்கிப் பிடித்து, செல்லுக்குள் ஆர்என்ஏ வெளிவராமல் தடுக்கலாம். பாப்பைன் என்சைம் ஆன்டிபாடியை வெட்டித் தரும் ஃபேப் துண்டுக்குக் கை ஒன்றுதான்: ஒட்டும், ஆனால் கோக்காது. பெப்சின் வெட்டினால் இரண்டு கையும் சேர்ந்தே இருக்கும். 'மெம்ப்ரேன் அட்டாக் காம்ப்ளெக்ஸ் ரைனோவைரஸை ஓட்டை போடும்' என்று ஒரு விடை இருந்தால் யோசிக்காமல் அடித்து நீக்கிவிடுங்கள். அது சவ்வைத் துளைக்கும் புரதக் கூட்டு. சவ்வே இல்லாததில் எதை ஓட்டை போடுவது?

ஒட்டும் அளவைக் கணக்கில் கேட்பார்கள். பிடிபட்ட இடங்களின் பங்கு என்பது ஆன்டிபாடி அளவை, ஆன்டிபாடி அளவும் கேடியும் (பாதி இடங்கள் பிடிபடும் ஆன்டிபாடி அளவு) சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தது. கேடி 1 நானோமோலார், ஆன்டிபாடி 9 நானோமோலார் என்றால் 90 சதவீதம். ஐஜிஜி வகை ஆன்டிபாடியின் எடை சுமார் 150 கிலோடால்டன். ஆக 1 நானோமோலார் என்பது மில்லிலிட்டருக்கு 0.15 மைக்ரோகிராம். இந்த எண்ணை மனப்பாடம் செய்வது வீண்போகாது.

நியூட்ரலைசேஷன் டைட்டரில்தான், அதாவது சீரத்தை எவ்வளவு நீர்த்தும் வைரஸை முடக்குகிறது என்ற எண்ணில்தான், பலர் கவிழ்வது. சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் வைத்துக் காம்ப்ளிமென்ட் எனும் இரத்தப் புரதங்களைச் செயலிழக்கச் செய்கிறார்கள். 1:10இல் தொடங்கி இரட்டிப்பாக நீர்த்து, ஒவ்வொன்றிலும் 50 மைக்ரோலிட்டரோடு அதே அளவு வைரஸ் கலந்து, ஒரு மணி நேரம் கழித்து தட்டின் குழிகளில் வளர்த்த ஹீலா (ஆய்வக மனித) செல்லில் ஊற்றி 33 டிகிரியில் வைக்கிறார்கள். மூக்கின் குளிர்ச்சிதான் இந்த வைரஸுக்குப் பிடிக்கும். வைரஸும் சேர்ந்த கையோடு 1:10 என்பது 1:20 ஆகிவிட்டது; இதை மறப்பதுதான் வினை. கலந்த பின் 20, 40, 80 நீர்ப்புகளில் தலா நான்கு குழிகளிலும் செல் பிழைத்தது, 160இல் இரண்டில், 320இல் ஒன்றிலும் இல்லை என்றால், பாதி காப்பாற்றும் டைட்டர் 160. கலக்குமுன் இருந்த நீர்ப்பைப் பார்த்து 80 என்று குறிப்பவர்களே அதிகம். கேள்வி எந்த நீர்ப்பைக் கேட்கிறது என்று அடிக்கோடிடுங்கள்.

வைரஸ் சேர்க்காமல் சீரம் மட்டும் ஊற்றிய குழியிலும் செல் செத்திருந்தால், அந்த நீர்ப்பில் சீரமே நச்சு. அங்கே டைட்டர் படிக்கவே கூடாது.