சீ பாயின்ட் பாறைகள்: ஈரமாக எடுப்பதா, காய்ந்தபின் எடுப்பதா?

டர்பனிலிருந்து விடுமுறைக்குக் கேப்டவுன் வரும் நம்மவர்கள் டேபிள் மலையைப் படமெடுத்துத் தள்ளுவார்கள். சீ பாயின்ட் கரையில் காலடியில் கிடக்கும் பாறையை அநேகமாக யாரும் குனிந்து பார்ப்பதில்லை. சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன் கிரானைட் குழம்பு, தன்னைவிடப் பழைய கருநிற மால்ம்ஸ்பரிப் பாறைக்குள் புகுந்து உறைந்த இடம் அது. 1836இல் டார்வினும் வந்து பார்த்திருக்கிறார். கருப்பும் வெளுப்பும் பட்டை பட்டையாகப் பின்னிக் கிடக்க, நடுநடுவே எள்ளுருண்டையில் தேங்காய்ப்பல் பதித்ததுபோல் ஃபெல்ட்ஸ்பார் என்ற வெளிர்நிறக் கனிமத்தின் படிகங்கள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் காலை 9, 10 மணிவாக்கில் நீர் நன்றாக வற்றும். குளிர்காலமானால் மலை நிழலும் கொஞ்சம் கைகொடுக்கும். கோடையில் வெயில் முந்திக்கொள்ளும். நிழலுக்கு வெள்ளைக் குடை ஒன்று போதும். நிழலில் படம் நீலம் பாயும். கேமராவில் நிறச்சாயலைச் சரிசெய்யும் வைட் பேலன்ஸை 7000 கெல்வின் பக்கம் வையுங்கள்.

நனைந்த பாறையில்தான் நிறம் ஆழமாகத் தெரியும். ஆனால் வானம் அதில் பளபளத்து அந்த நிறத்தை மூடிவிடும். அதற்குத்தான் போலரைசர், லென்ஸின் முன் மாட்டித் திருகிப் பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர். பலர் தவறுவது இங்கேதான்: கேமராவைப் பாறைக்கு நேர்மேலே பிடித்துக்கொண்டு போலரைசரை எவ்வளவு திருகினாலும் பலனில்லை. பாறைத் தளத்திலிருந்து 35, 40 டிகிரி சாய்வில் பார்த்தால்தான் பளபளப்பு முழுதாக மறையும். சாய்த்தால் இன்னொரு தொல்லை, முன்பக்கம் கூர்மையாகவும் பின்பக்கம் மங்கலாகவும் விழும். லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 11 வைத்தும் போதாவிட்டால், ஃபோகஸை நகர்த்தி ஐந்தாறு படமெடுத்துக் கணினியில் சேர்க்க வேண்டியதுதான். போலரைசர் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தைத் தின்னும் என்பதால் ட்ரைபாட் இல்லாமல் முடியாது. காய்ந்த பாறையை மட்டும் நேர்மேலிருந்து, சென்சார் தளத்துக்கு இணையாக வைத்து எடுக்கலாம்.

நனைக்க அரை லிட்டர் நல்ல தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் கொண்டுபோங்கள். கடல்நீர் தெளித்தால் காய்ந்ததும் உப்பு வெள்ளையாகப் பூக்கும்.

எக்ஸ்போஷரைக் கருப்புப் பாறைக்கு வைத்தால் படிகங்கள் வெளுத்துப் போகும். மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுத்து, பிறகு நிழல்களைத் தூக்கிக்கொள்ளலாம். நிறச் செறிவைக் கூட்டும் சாச்சுரேஷனைத் தொட வேண்டாம், கிரானைட் பூந்தி லட்டு நிறத்துக்குப் போய்விடும்.

லென்ஸில் தெறித்த உப்பை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் ஊதி, பிறகு ஈரத்துணி. பச்சைப் பாசி படிந்த பாறையில் ட்ரைபாட் மட்டுமல்ல, ஆளும் வழுக்குவார். இறங்குமுன் பத்து நிமிடம் அலையைப் பாருங்கள். இறங்கியபின் கடலுக்கு முதுகு காட்டாதீர்கள்.