அந்த அம்மாவுக்குச் சொன்ன பதில்

"அவர் கைதேர்ந்த கலைஞர், அம்மா" என்று எங்கள் மேஜிக் கலைஞரைப் பற்றி நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதைக் கேட்ட அந்த அம்மா, "அப்படியென்றால் என் வீட்டுக்காரர் வந்திருந்தார்" என்று சிலுவைக் குறி இட்டுக்கொண்டதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் வேலை பார்ப்பவர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பும் ஆகஸ்டில், போர்த்துகலின் உள்நாட்டுச் சிற்றூர்கள் திருவிழாக் கோலம் பூணும். குளிர்காலத்தில் கசினோ அரங்குகளிலும் கோடையில் தேவாலய முற்றத்து மேடைகளிலுமாக இளவயது முதலே ஊர் ஊராய்ச் சுற்றிவந்த எங்கள் மேஜிக் கலைஞருக்கு அது ஓய்வில்லாத மாதம். அன்றிரவு கறுப்புடை அணிந்த அந்த விதவை, பென்சிலால் எழுதி நாலாய் மடித்த சீட்டைக் கைக்குட்டைக்குள் பொத்தி வைத்திருக்க, மேடையில் கலைஞர் கண்களை மூடிக்கொண்டு இறந்துபோன கணவரின் பெயரைச் சொன்னார். எப்படி என்பது தொழில் ரகசியம். இங்கேயும் எழுத மாட்டேன். காட்சி முடிந்ததும் அந்த அம்மா, மேடையின் ஒலியைக் கவனிக்கும் மிக்ஸர் கருவிக்குப் பின்னால் நின்றிருந்த என்னிடம் வந்து, "மகனே, நிஜமாகச் சொல், அவர் வந்தாரா?" என்று கேட்டார்.

வேனில் இதைச் சொன்னபோது, "ஆவி என்று நானும் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை. நிம்மதியாகத்தானே போனார்?" என்றார் கலைஞர். உண்மைதான். ஒரு காசும் கூடுதலாக யாரும் வாங்கவில்லை. ஆயினும் அதே நிம்மதியைத் தேடி நாளை அந்த அம்மா பணம் பறிக்கும் குறிகாரரிடம் போனால், அந்த வழியைக் காட்டியதில் என் பதிலுக்குப் பங்கில்லையா?

1970இல் மொசாம்பிக்கின் லோரன்சோ மார்க்கஸில் (இன்றைய மபுடோ) பிறந்த மேஜிக் கலைஞர் லூயிஸ் டி மாதோஸ், போர்த்துகல் தொலைக்காட்சியில் லாட்டரி எண்களை முன்கூட்டியே எழுதிவைத்து வியக்கவைத்தவர். அந்த எண்களுக்குப் பின்னால் யாருடைய துக்கமும் இல்லை என்பதால், அதை நான் எந்த உறுத்தலும் இன்றி ரசிப்பேன். 1856இல் பிரெஞ்சு அரசு அல்ஜீரியாவுக்கு அனுப்பிய பிரெஞ்சு மேஜிக் கலைஞர் ராபேர் ஊதேன், பழங்குடித் தலைவர்களை மிரளவைத்த பிறகு, எல்லாம் கைத்திறமையே என்று மொழிபெயர்ப்பாளர்கள் வழியாக விளக்கச் செய்ததை நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஆட்சியின் பலத்தைக் காட்டப் போனவருக்கே அந்த விளக்கம் தேவைப்பட்டது என்றால், ஒரு மாலைப்பொழுதை இன்பமாக்கப் போன எங்களுக்குத் தேவையில்லாமல் போனது எப்படி? மறுபுறம், அந்த முற்றத்தில் வைத்து "இது வித்தை, அம்மா" என்று சொல்லும் உரிமையை எனக்கு யார் கொடுத்தார்கள் என்ற கேள்விக்கும் என்னிடம் பதிலில்லை.

இறந்தவர் பெயருக்குப் பதிலாக முதல் ஆசிரியரின் பெயரை எழுதச் சொல்லலாமா என்று எங்கள் கலைஞரிடம் கேட்டேன். மறுப்பின்றி ஒப்புக்கொண்டார். அடுத்த ஊரில் அப்படியே செய்தார். கைதட்டல் கிடைத்தது, ஆனால் யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. அதற்கடுத்த ஊரில் பழைய சீட்டே திரும்பி வந்தது. அவர் பெயரைச் சொல்லும் இடத்தில், வழக்கம்போல நான் இசையைக் குறைத்துக் கொடுத்தேன்.