எங்க வீட்டுக்கு 750 வாட்ஸ் மிக்சி வந்தாச்சு

பழைய 500 வாட்ஸ் மிக்சில உளுந்து போட்டா ரெண்டாவது ஈடுலயே கருகின வாசனை வரும், அடியில இருக்குற சிவப்பு பட்டன் டக்குனு விழுந்துரும், மோட்டார் ஆறுற வரைக்கும் அம்மா ஜாரை கையில புடிச்சிட்டு நிப்பாங்க, பாக்கவே பாவமா இருக்கும். போன மாசம் புதுசு வாங்கிட்டோம். தேங்கா சட்னி வெண்ணெய் மாதிரி வருதுங்க, மிளகா விதை கூட நாக்குல தட்டல! வெளிநாட்டு மிக்சி நம்ம ஊர் அரைப்புக்கு தாங்காம போனதாலதான் 1960-கள்ல மும்பைல மாத்தூர்னு ஒரு இன்ஜினியர் சுமீத் மிக்சியவே செஞ்சாரு, அவருக்கு ஒரு பெரிய கும்பிடு. ஒண்ணு மட்டும், பிளேடு சுத்துற வேகத்துல மாவு சூடாயிரும், சூடானா இட்லி மெத்துனு வராது, அதனால ஐஸ் தண்ணி ஊத்தி, அரை ஜார் மட்டும் போட்டு, விட்டு விட்டு அரைங்க.