சின்னமலை, பரங்கிமலை, சாந்தோம்: தோமையார் வழியில் ஒரு நாள்

சென்னையில் இயேசுவின் சீடரான தோமையாரின் தலங்களைப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் சாந்தோமில்தான் தொடங்குகிறார்கள். அங்குள்ள அவருடைய கல்லறையை முதலில் பார்த்துவிட்டு, சின்னமலையில் அவர் ஒளிந்திருந்த குகையைக் கடைசியில் பார்ப்பது கதையைப் பின்னாலிருந்து படிப்பதாகிவிடும். சின்னமலையில் தொடங்குங்கள். அந்தப் பெயரிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது.

சின்னமலையில் வட்ட வடிவப் புதுக் கோயிலைக் கடந்து, போர்ச்சுகீசியர் 1551-இல் கட்டிய பழைய கோயிலுக்குள் போனால் குகை வாசல். நன்றாகக் குனிய வேண்டும். நிமிரும்போதுதான் பலருக்குத் தலை இடிக்கும். உள்ளே பாறையில் ஒரு திறப்பு. துரத்தியவர்களிடமிருந்து தோமையார் அதன் வழியே தப்பினார் என்பது மரபு. பாறைச் சுனையையும் விட்டுவிடாதீர்கள்.

மெட்ரோவில் ஆலந்தூர் போய், பச்சை வழித்தடத்துக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் பரங்கிமலை. அங்கிருந்து அடிவாரத்துக்கு ஆட்டோ. மலை சுமார் 300 அடி. படிகளைக் கட்டித் தந்தவர் ஆர்மீனிய வணிகர் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-இல் பாலம் கட்டியவரும் அவரே. படியேறிச் சிலுவைப்பாதை (இயேசுவின் பாடுகளை நினைத்து நிலைநிலையாக ஜெபிப்பது) செய்ய நினைப்பவர்கள் காலை ஒன்பதுக்குள் ஏறிவிடுங்கள். வெறுங்காலோடு ஏறும் நேர்ச்சை இருந்தால், வெயில் ஏறியபின் கல் சுட்டு, பாதியிலேயே திரும்ப வேண்டிவரும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு உச்சிவரை வண்டிப் பாதை உண்டு.

மேலே உள்ள கோயில் 1523-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பீடத்துக்கு மேலே சுவரில் பதித்திருக்கும் கற்சிலுவையைத்தான் தேடிப் பார்க்க வேண்டும். 1547-இல் கிடைத்தது, சுற்றிலும் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து. ஒரு காலத்தில் இரத்தம் வியர்த்ததாக நம்பிக்கை. பின் வரிசையில் நின்றால் எழுத்து தெரியாது; திருப்பலி இல்லாத நேரத்தில் முன்னே போய்ப் பாருங்கள். கிழக்கே நகரமும், தெற்கே விமான நிலையமும் தெரியும்.

சாந்தோமுக்கு இங்கிருந்து ஆட்டோவே வசதி. இப்போதிருக்கும் வெள்ளைக் கோபுரப் பேராலயம் 1896-இல் முடிந்தது. பலர் நடுப்பீடத்தில் ஜெபித்துவிட்டு, மயிலை மாதாவிடம் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கல்லறைச் சிற்றாலயமோ தரைக்குக் கீழே இருக்கிறது. அதற்குத் தனி வாசல், பேராலயத்துக்குப் பின்புறம். தோமையாரின் எலும்புகளில் பெரும்பகுதி இன்றைய துருக்கியில் உள்ள எடெஸாவுக்கும், பின்னர் இத்தாலியின் ஒர்டோனாவுக்கும் போய்விட்டன. அதனால் வழிபாடு குறைந்துவிடவில்லை. கீழே பேச்சுக்குரலே கேட்காது. ஞாயிறு காலையில் அடுத்தடுத்துத் திருப்பலி என்பதால் நின்று பார்க்க இடம் கிடைக்காது. வாரநாள் பிற்பகல் நல்லது. ஜூலை 3 தோமையார் திருநாள். கூட்டத்தை விரும்புபவர்களுக்கு மட்டும்.

நேரம் மிஞ்சினால் மயிலாப்பூரில் உள்ள லஸ் மாதா கோயில். பழையவர்கள் வாயில் காட்டுக்கோயில். கல்வெட்டு 1516 என்கிறது, கட்டடம் அதற்குப் பிந்தியது என்பாரும் உண்டு. இருட்டிவிட்டால் இதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். பரங்கிமலையை மட்டும் மதியத்துக்குத் தள்ளாதீர்கள்.