ரங்கூனில் ஒரு நாள்

திங்கட்கிழமைகளில் சந்தைக்கு விடுமுறை என்பதால், சென்னையிலிருந்து வந்திருக்கும் சித்தி மகனை நேற்று, செவ்வாய்க்கிழமைதான், போஜோ ஆங் சான் சந்தைக்கு அழைத்துச் சென்றேன். 1926-இல் கட்டப்பட்ட அதை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் ஸ்காட் மார்க்கெட் என்றே சொல்கிறார்கள். ஜேட் எனும் பச்சை மாணிக்கக் கடைகளில் கல்லைப் பற்றி அறியாதவர் பணத்தை எடுக்காமலிருப்பதே நல்லது. லுங்கி வாங்குவதோடு நிறுத்திக்கொண்டோம். கடைக்காரப் பெண்மணி, பர்மியர் முகத்தில் பூசும் தனாக்காக் கட்டையை வட்டக் கல்லில் நீர் தெளித்து அரைத்து அவன் கன்னத்தில் பூசியபோது, சந்தனம்போல் குளிர்கிறதென்று வியந்தான்.

பசித்தவுடன் "அத்தோ எங்கே கிடைக்கும்?" என்றான். சென்னையில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் விற்கும் நூடுல்ஸ் கலவையான அத்தோவின் பெயர், கையால் பிசைந்த கலவையைக் குறிக்கும் பர்மியச் சொல்லிலிருந்து போனது என்று விளக்கி, மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ் சேர்த்த மொஹிங்கா வாங்கித் தந்தேன். அதில் வெந்த வாழைத்தண்டைக் கண்டதும், இது அத்தோக் கடைச் சூப்பின் அண்ணன் என்று அவனே கண்டுபிடித்துவிட்டான்.

அனோயத்தா சாலைக் காளியம்மனைக் கும்பிட்டுவிட்டு, ஷ்வேடகோன் புத்தக் கோயிலுக்கு வேண்டுமென்றே அந்தியில்தான் போனோம். காலுறைகூட அணியக் கூடாத அந்தப் பளிங்குத் தரை நண்பகலில் உள்ளங்காலைப் பொசுக்கும். விளக்கேற்றும் வேளையிலோ, சுமார் 99 மீட்டர் உயரப் பொன் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி எவ்வளவு நேரமும் உட்காரலாம்.